சோறு வைக்காத டேபிள்

சீர் வரும்போது மேளம் உண்டு, தட்டு உண்டு, வேடிக்கை பார்க்க ஊரே உண்டு. அதே சீர் கல்யாணம் முறிந்து திரும்பிப் போகும்போது ஒன்றும் கிடையாது. தேய்பிறையில் ஒரு நாளைப் பார்த்து, வெயில் ஏறுவதற்குள் ஒரு வண்டி வந்து நிற்கும். கையில் லிஸ்ட்டோடு ஒரு பெரிய மனிதர் இறங்குவார். வந்தவர்கள் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் சாமானை ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வாங்கிக் குடித்தால் உறவு ஒட்டிக்கொள்ளுமாம். ஒட்ட வேண்டிய காலத்தில் ஒட்டாத உறவு ஒரு டம்ளர் காப்பியில் ஒட்டிக்கொள்ளும் என்று எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ தெரியவில்லை.

ராமாயிக்கு இந்த வழக்கமெல்லாம் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அன்று காலையில் ஒரு போசி நிறையப் பாலைக் காய்ச்சி மூடி வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் சின்னுசாமி அடுப்படியை எட்டிப் பார்த்தார், பாலைப் பார்த்தார், ஒன்றும் கேட்காமல் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார். மகனுக்கும் மருமகளுக்கும் தீர்வு எழுதிக் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் எதையும் கேட்பதில்லை.

அவர்கள் மகன் கவின் பெங்களூரில் வேலையில் இருக்கிறான். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் சங்ககிரி லாரிக்காரர் வெங்கடாசலத்தின் மகள் நித்யஸ்ரீயை அவனுக்குக் கட்டி வைத்தார்கள். வீடு பார்த்ததும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். அவன் வீடு பார்த்துக்கொண்டே இருந்தான், அந்தப் பெண் எடப்பாடிக்குப் பக்கத்திலிருந்த இந்தத் தோட்டத்து வீட்டில் மாமியாரோடும் மாமனாரோடும் இருந்துகொண்டே இருந்தாள். வாரம் ஒரு தடவை வந்தவன் மாதம் ஒரு தடவை வந்தான். பிறகு தீபாவளிக்கு வந்தான். கடைசியில் போனில் சொன்னான், இது சரிப்படாது, எழுதி முடித்துக்கொள்ளலாம் என்று. நித்யஸ்ரீ தாய் வீட்டுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. எழுதியும் முடித்தாயிற்று.

ஊர் வாய் இந்த மாதிரி நேரத்தில் பெண்ணைத்தான் முதலில் மெல்லும். புருஷனைப் பிடித்து வைக்கத் துப்பில்லை என்றார்கள். படித்த திமிர் என்றார்கள். பெங்களூருக்கு ஒரு நடை கிளம்பிப் போய் அவன் கூடவே உட்கார்ந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்றார்கள். எல்லாவற்றையும் ராமாயி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது.

நிச்சயத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கவின் அடுப்படியில் வந்து நின்று, பெங்களூரில் ஒரு பெண்ணோடு தனக்குப் பழக்கம் இருப்பதாகவும், கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்றும், இந்தச் சம்பந்தத்தை நிறுத்திவிடச் சொல்லியும் கேட்டான். ராமாயி நிறுத்தவில்லை. தாலி ஏறினால் எல்லாம் சரியாகப் போய்விடும் என்று அவளுக்கு எல்லாரும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். குடிகாரனுக்கும் அதே மருந்து, கோபக்காரனுக்கும் அதே மருந்து, மனசில் வேறொருத்தி இருப்பவனுக்கும் அதே மருந்துதான். அப்பனிடம் மூச்சு விட்டால் தென்னைக்கு வைக்கிற மருந்தை எடுத்துக் குடித்துவிடுவேன் என்று மகனை மிரட்டினாள். அவன் பயந்து தாலி கட்டினான். சின்னுசாமிக்கு இன்றைக்கு வரைக்கும் அது தெரியாது. நித்யஸ்ரீக்கும் தெரியாது, கல்யாணத்துக்குப் பிறகு அவன் மனசு மாறிப்போனது என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இன்று வண்டி போய்விட்டால் அந்தப் பெண்ணை இனிமேல் எங்கே பார்ப்பது? சொல்ல வேண்டியதை இன்று சொன்னால்தான் உண்டு. சொன்னால் அவள் மேல் விழுந்த பழி போகும், ஆனால் அவள் ராமாயியின் முகத்தை ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். சொல்லாவிட்டால் பழியோடு போவாள், ஆனால் தங்கமான அத்தை என்று நினைத்துக்கொண்டே போவாள். ராமாயிக்கு அந்தத் தங்கத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. நல்லவள் என்ற பேர் ஐம்பத்து நாலு வயதில் ஒருத்தி வாயிலிருந்து தானாக வந்திருக்கிறது, அதை யார்தான் லேசில் விடுவார்கள்?

அந்தப் பேர் அவளுக்குக் கிடைத்த இடம் கூடத்து நடுவில் கிடந்த டேபிள்.

தேக்கு டேபிள், ஆறு நாற்காலி. மண்டபத்தில் சீரைப் பரப்பி வைத்தபோது பீரோவையும் கட்டிலையும் விட அதைத்தான் சனம் தடவித் தடவிப் பார்த்தது. வீட்டுக்கு வந்தபின் அதில் ஒருவரும் சாப்பிடவில்லை. சின்னுசாமி ஒரே ஒரு நாள் உட்கார்ந்து பார்த்தார். காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு தின்றால் அடுத்தவர் வீட்டில் தின்கிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு, வட்டலைத் தூக்கிக்கொண்டு டிவிக்கு முன்னால் தரையில் போய்ச் சம்மணம் போட்டார். அதோடு அதற்குச் சோற்று யோகம் முடிந்தது. கடையில் சுற்றி அனுப்பிய பாலிதீன் தாளைக்கூடப் பிரிக்கவில்லை. துவைத்த துணி, கரண்ட் பில், மோட்டாருக்கு வாங்கின வயர், கல்யாணப் பத்திரிகைகள், பிரஷர் மாத்திரை, ஒரு பூசணிக்காய் என்று கை சலித்த பொருளெல்லாம் அதன் மேல் வந்து குடியேறிவிட்டது.

மூன்றாவது மாதம் நித்யஸ்ரீ ஒரு மத்தியானத்தில் அத்தனையையும் எடுத்து இடம் பார்த்து வைத்துவிட்டுக் கத்திரிக்கோலால் பாலிதீன் தாளைக் கிழித்தாள். ராமாயிக்குப் பதறிப்போய்விட்டது.

“பிரிச்சா பழசாயிரும் அம்மணி.”

“பிரிக்காம வெச்சிருந்தாலும் பழசாத்தானுங்கத்தை போகுது.”

அதைச் சொன்னவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ராமாயி கிழித்த தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனாள்.

அதன் பிறகு அந்த டேபிளுக்குப் படுக்க நேரமில்லை. பழைய ஜமக்காளத்தை நாலாக மடித்துப் போட்டால் இஸ்திரி போடும் இடம். ஜமக்காளத்தை எடுத்தால் ரவிக்கை வெட்டும் இடம். நித்யஸ்ரீ கல்யாணத்துக்கு முன்பே தையல் படித்திருந்தாள். துணியை விரித்து, சோப்புக்கட்டித் துண்டால் கோடு போட்டு, கத்திரிக்கோலை ஒரே ஓட்டமாக ஓட்டுவாள். அக்கம்பக்கத்துத் தறி வீட்டுப் பெண்கள் அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆரி வேலைக்கு வந்த பட்டு ரவிக்கைகளைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, அந்தச் சட்டத்தை டேபிள் விளிம்பில் முடுக்கி வைத்துக்கொண்டு மணி மணியாகக் கோப்பாள்.

ராமாயிக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். விதைக் கடலை உரிப்பதையும் வெங்காயம் ஆய்வதையும் பாதி விட்டிருந்தாள். இப்போது டேபிளின் அந்தக் கோடியில் மருமகள் தைக்க, இந்தக் கோடியில் நாற்காலி போட்டு மாமியார் கடலை உரிப்பாள். தோல் துணி மேல் பறந்தால் மருமகள் முறைப்பாள். தீபாவளிக்குப் பேப்பரை விரித்து அதன் மேலேயே முறுக்குப் பிழிந்தார்கள். அமாவாசைக்கு முந்தின ஞாயிறுகளில் ராமாயி அதில் தலையைச் சாய்த்துக்கொள்ள, நித்யஸ்ரீ நின்றபடி அவள் தலைக்கு டை அடித்துவிடுவாள். வேலை இல்லாத மத்தியானத்தில் அதே சோப்புக்கட்டியால் தாயக்கட்டம் வரைந்து புளியங்கொட்டையை உருட்டுவார்கள். ராமாயி கள்ளாட்டம் ஆடுவாள், பிடிபட்டால் கண் தெரியவில்லை என்பாள். சாயங்காலம் தண்ணீர் தொட்டுத் துடைத்தால் கட்டம் போய்விடும்.

நித்யஸ்ரீ கவினோடு பேச வேண்டுமென்றாலும் அங்கேதான். போனை நூல் டப்பாவில் சாய்த்து நிறுத்தி வைத்து முகம் பார்த்துப் பேசுவாள். அந்த நேரத்தில் ராமாயி கடலை முறத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவாள். முதலில் அரை மணி நேரம் பேசினார்கள். பிறகு பத்து நிமிஷம் ஆயிற்று. பிறகு போன் அடிக்கும் என்று சும்மா சாய்த்து வைத்திருந்தாள், அது அடிக்காமலே சாய்ந்து கிடந்தது. ராமாயி அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்று அதைப் பார்த்திருக்கிறாள். வாய் வரைக்கும் வந்ததை எச்சிலோடு விழுங்கியிருக்கிறாள்.

வெங்கடாசலத்தின் ஈச்சர் வண்டி எட்டரைக்கு வந்து நின்றது. ஏற்றி இறக்க மூன்று ஆட்கள் பின்னால் குதித்தார்கள். முன்னால் வெங்கடாசலமும், இரண்டு பக்கத்துக்கும் பொதுவாகப் பேசி முடித்த பெரியவர் மணியனும் இறங்கினார்கள். கடைசியாக நித்யஸ்ரீ இறங்கினாள். அவள் வர வேண்டிய அவசியமில்லை, வருவது வழக்கமும் இல்லை. பாதியில் நிற்கிற தையல் துணிகளைப் பிரித்து எடுக்கத் தன்னால்தான் முடியும் என்று சொல்லி வந்திருந்தாள். இளைத்துப்போயிருந்தாள். அப்பன் அவளைத் திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தார்.

ராமாயி அடுப்படிக்குப் போய் டம்ளர்களை எடுத்து வைத்தாள். மணியன் வாசலிலிருந்தே கையைக் காட்டி வேண்டாம் என்றார். சரி என்று டம்ளர்களைக் கவிழ்த்துவிட்டு வந்து நிலைக்கதவு ஓரமாக நின்றுகொண்டாள்.

மணியன் லிஸ்ட்டைப் படித்தார். பீரோ ஒன்று, கட்டில் ஒன்று, மெத்தை ஒன்று, வாஷிங் மெஷின் ஒன்று. ஒவ்வொன்றையும் வெங்கடாசலம் தட்டிப் பார்த்தார், திறந்து பார்த்தார், பிறகு பேனாவால் டிக் அடித்தார். முப்பது வருஷமாக லாரி வைத்திருப்பவர். லோடு இறக்கும்போது டேமேஜ் பார்த்துப் பார்த்துப் பழகிய கை. குத்துவிளக்கில் ஒரு முகம் நெளிந்திருந்ததை அவர்தான் கண்டுபிடித்தார். சின்னுசாமி துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாங்க, ஆமாங்க என்றார். நித்யஸ்ரீ தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து யார் யார் துணி என்று பிரித்துப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

“டைனிங் டேபிள் ஒண்ணு, சேர் ஆறு” என்று மணியன் படித்தார்.

டேபிள் மேல் ஜமக்காளம் கிடந்தது. வெங்கடாசலம் அதை ஒரு இழுப்பு இழுத்தார். நடுவில், கை அகலத்துக்கு, கறுத்துப் போய் ஒரு முக்கோணம். அதைச் சுற்றிலும் கத்திரிக்கோல் கீறின கோடுகள், ஊசி குத்தின புள்ளிகள், டை சிந்தின திட்டு, ஆரிச் சட்டம் முடுக்கி முடுக்கி விளிம்பில் விழுந்த பள்ளம்.

அந்த முக்கோணம் விழுந்தது நாலரை மாதத்துக்கு முன்னால். ராமாயி சின்னுசாமியின் வேட்டிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நித்யஸ்ரீ கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கவின் போனில் வந்து, எழுதி முடித்துக்கொள்ளலாம், நீயே அவளிடம் சொல்லிவிடு என்றான். ராமாயி பெட்டியைப் படுக்கப்போட்டுவிட்டுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தீய்ந்த வாசம் வந்து நித்யஸ்ரீ ஓடிவந்து பிளக்கைப் பிடுங்கினாள். வேட்டியும் போய், ஜமக்காளமும் ஓட்டையாகி, தேக்கில் இறங்கியிருந்தது சூடு. கையில் பட்டுதுங்களா அத்தை, கையில் பட்டுதுங்களா என்றுதான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். பிறகு ஓட்டையில்லாத ஜமக்காளமாகப் பார்த்து அதன் மேல் விரித்தாள். யாரிடமும் சொல்லவில்லை.

வெங்கடாசலம் அந்த முக்கோணத்தில் விரலை வைத்துத் தேய்த்தார். முகம் சுண்டிப்போயிற்று.

“யாரு பண்ணுனது இது?” என்றார்.

ராமாயி வாயைத் திறப்பதற்குள் நித்யஸ்ரீ உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

“நாந்தானுங்கப்பா. இஸ்திரிப்பொட்டியப் போட்டது மறந்துபோச்சுங்க.”

துணியைப் பிரிக்கிற கை நிற்கவில்லை. பொய் சொல்கிற மாதிரியே இல்லை, வீட்டு வேலையில் இன்னொன்று மாதிரி அதையும் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

வெங்கடாசலம் மகளைப் பார்க்கவில்லை. மணியனைப் பார்த்துத்தான் பேசினார்.

“பாத்தீங்களா மாமா. தேக்குல சொல்லிச் செஞ்சு குடுத்த டேபிளு. ஒரு சாமானப் பதனமா வெச்சுக்கத் தெரியாதவ, புருசன எங்கிருந்து பதனமா வெச்சுக்குவா?”

ஏற்றுகிற ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். சின்னுசாமி வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். நித்யஸ்ரீ ஒரு ரவிக்கைத் துணியை மடித்தாள், பிரித்தாள், மறுபடியும் மடித்தாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. நாலு மாதமாகத் தினம் தாய் வீட்டில் அவள் என்ன சோறு தின்றிருப்பாள் என்று ராமாயிக்கு அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. நல்ல பேரும் ஆச்சு, ஒன்றும் ஆச்சு என்று கதவோரத்தை விட்டு நடுக்கூடத்துக்கு வந்தாள்.

“அண்ணா, அந்தக் கறை நான் வெச்சதுங்க. எம்பட கையில வெச்சது. எம்பேரு கெட்டுறக் கூடாதுன்னு அந்தப் புள்ள அவ தலையில போட்டுக்கறா.”

“அத்தை, உடுங்க” என்றாள் நித்யஸ்ரீ.

“இல்ல சாமி, உட மாட்டேன்.” ராமாயி டேபிள் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். “இந்தக் கறை மட்டுமில்லீங்கண்ணா. எம்பையன் நிச்சயத்துக்கு ஒரு வாரம் முந்தியே எங்கிட்டச் சொல்லிட்டான். அங்க வேற பொண்ணு இருக்குது, இத நிறுத்திப்போடுன்னு கேட்டான். நாந்தான் மருந்தக் குடிச்சுருவேன்னு மெரட்டிக் கட்டி வெச்சேன். இவருக்கே தெரியாதுங்க. உங்க புள்ள மேல எள்ளு மொனையளவு குத்தமில்ல. அவளப் பேசுன வாயெல்லாம் என்னையப் பேசியிருக்கோணும்.”

மணியன் லிஸ்ட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார், மறுபடியும் எடுத்தார். முடிந்துபோன பேச்சை இப்போது எதற்குக் கிளற வேண்டும், கையெழுத்தெல்லாம் ஆகிவிட்டதே என்று முணுமுணுத்தார். பெரிய மனிதர்களுக்குக் கையெழுத்து ஆன பிறகு வருகிற உண்மையைப் போலத் தொந்தரவு வேறு இல்லை.

சின்னுசாமி ஏற்றுவதற்காக வரிசையாக வைத்திருந்த ஆறு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டியைப் பார்த்தார். முப்பத்தோரு வருஷம் கூட வாழ்ந்தவளை அடையாளம் தெரியாத மாதிரி பார்த்தார். ராமாயிக்கு அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை, ஆனால் அதை அப்புறம் தாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். இப்போது அவள் பார்க்க வேண்டியது வேறு முகம்.

வெங்கடாசலம் கத்துவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கத்துவதற்குத்தான் அவரும் வாயைத் திறந்தார். குரல் உடைந்து வந்தது.

“நாலு மாசமா எம்புள்ளைய நான் என்ன பேச்சுப் பேசியிருக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா தங்கச்சி? ஊருல ஒருத்தன் பேசாத பேச்சு. நான் பெத்த அப்பன் பேசியிருக்கறேன்.”

பேனாவின் மூடியைப் போட்டார், எடுத்தார், போட்டார். மகள் பக்கம் திரும்புவதற்கு அவருக்குத் தெம்பு வரவில்லை.

நித்யஸ்ரீ எழுந்து வந்தாள். டேபிளுக்கு அந்தப் பக்கம், எப்போதும் தைக்கிற கோடியில் நின்றாள். அழவில்லை. ஆரிக்குக் கொண்டு வந்த ரவிக்கையில் எங்கே பிசகு என்று தேடுகிறபோது அவள் கண் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

“நிச்சயத்துக்கு முந்தியேவாங்க?”

“ஆமா சாமி.”

“பொடவை எடுக்கப் போனப்ப, இந்தக் கலருதான் உனக்கு எடுப்பா இருக்குதுன்னு எந்தோள் மேல வெச்சு வெச்சுப் பாத்தீங்களே. அப்பயும் தெரியுமுங்களா?”

“தெரியும்.”

அவள் உள்ளங்கையால் டேபிள் மேல் இருந்த நூல் துணுக்குகளைக் கூட்டி ஓரமாகத் தள்ளினாள்.

“அப்ப ரெண்டு வருசமா இதுல எங்கூட உக்காந்து கடலை உரிச்சதும், தாயம் ஆடுனதும், எங்கிட்டத் தலையக் குடுத்ததும்… எம்மேல பிரியத்துலயாங்க? இல்ல அந்தக் குத்தத்துக்குப் பரிகாரமா?”

பிரியம்தான் சாமி என்று சொல்லிவிட ஒரு நொடி போதும். சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கவும் கூடும். ராமாயி அதை நினைக்காமல் இல்லை. ஆனால் பொய் சொல்லிச் சொல்லி அந்த வீட்டில் இதற்கு மேல் வைக்க இடமில்லை.

“மொத ஆறு மாசம் அதுக்காகத்தான் சாமி. உன்னையக் கண்டாலே பயமா இருக்கும். ஏதாச்சும் செஞ்சு ஈடு கட்டிரலாம்னுதான் பக்கத்துல வந்து உக்காருவேன்.” ராமாயி விளிம்பில் விழுந்திருந்த பள்ளத்தை விரலால் தடவினாள். “அப்பறம் எப்ப மாறுச்சுன்னு எனக்கே தெரியல. நீ போனதுக்கப்பறம் மத்தியானம் ஆனா நான் கொட்டகையில போயி மாட்டுகிட்ட உக்காந்துக்கறேன். இந்தக் கூடத்துல என்னால இருக்க முடியல.”

நித்யஸ்ரீ தலையை ஆட்டினாள். மன்னித்ததற்கான ஆட்டம் இல்லை, கேட்டுக்கொண்டேன் என்பதற்கான ஆட்டம். ராமாயிக்கு அது புரிந்தது. அவள் வேறு எதையும் எதிர்பார்க்கவும் இல்லை என்று சொன்னால் அது பொய்; எதிர்பார்த்தாள், கொஞ்சம்.

மணியன் கனைத்துக்கொண்டு காரியத்துக்கு வந்தார். டேபிள் இந்த நிலைமையில் இருப்பதால் அதை இங்கேயே விட்டுவிட்டு, இவர்கள் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுவதாகப் பேசிக்கொள்ளலாம் என்றார். சின்னுசாமி நாற்காலியிலிருந்து எழுந்து, அதற்குச் சம்மதம் என்று தலையசைத்தார். வெங்கடாசலம் மகளைப் பார்த்தார். நாலு மாதத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒன்றைக் கேட்டார்.

“என்ன பண்ணலாம் கண்ணு?”

“எனக்கு இதுதானுங்கப்பா வேணும். வெட்டறதுக்குக் கைக்குப் பழகிப்போச்சு” என்றாள் அவள்.

வெங்கடாசலம் லிஸ்ட்டை வாங்கி டிக் அடித்தார்.

மூன்று ஆட்களும் டேபிளைச் சுற்றி நின்றார்கள். அப்படியே தூக்கினால் நிலையில் இடிக்கும் என்று நித்யஸ்ரீ சொன்னாள். ஒருக்களித்துப் பிடித்து, காலை முதலில் வெளியே விடச் சொன்னாள். கொண்டு வந்த அன்று எப்படி உள்ளே விட்டார்கள் என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. டேபிள் பக்கவாட்டில் சாய்ந்து, நிலையைத் தாண்டி, வெயிலுக்குப் போயிற்று. அது நின்ற இடத்தில் தரை மட்டும் புதுசாக, ஒரு காலடி படாமல் பளபளவென்று கிடந்தது. உரித்த கடலைத் தோல் நாலைந்து அங்கே ஒதுங்கியிருந்தது.

நாற்காலிகள் போயின. தையல் மெஷின் போயிற்று. வண்டியின் பின் கதவைச் சங்கிலி போட்டு இழுத்துக் கட்டினார்கள். வெங்கடாசலம் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மகளுக்காக நின்றார். அவள் கையிலிருந்த துணிப்பையை வாங்கி, தானே உள்ளே வைத்தார். வரும்போது அந்தப் பையை அவள்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஓர் அப்பன் மன்னிப்புக் கேட்க அவ்வளவுதான் தெரியும் போலிருக்கிறது. அதைப் பார்த்ததும் ராமாயிக்கு நெஞ்சில் கிடந்த பாறையில் பாதி இறங்கிவிட்டது. தான் சொன்னது வீண் போகவில்லை.

நித்யஸ்ரீ மாமனாரின் முன்னால் வந்து நின்றாள். சின்னுசாமி அவள் தலையில் கையை வைத்து எடுத்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு அவள் வாசல்படிக்கு வந்தாள். ராமாயி மேல்படியில் நின்றிருந்தாள், அவள் கீழே. இரண்டு பேருக்கும் நடுவில் இரண்டு படிதான்.

நித்யஸ்ரீ நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

“போறேனுங்க.”

அத்தை என்று சேர்க்கவில்லை.

கடைக்குப் போகிற குழந்தைகூட அந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்லிவிட்டு வாசல் தாண்ட முடியாது. பிடித்து நிறுத்தி, போறேன்னு சொல்லக் கூடாது, வாரேன்னு சொல்லு என்று சொல்ல வைத்துத்தான் அனுப்புவார்கள். யார் வீட்டுப் பிள்ளையானாலும் ராமாயி அப்படி நிறுத்தியிருக்கிறாள். இப்போதும் அவள் வாய் திறந்துவிட்டது, கை பாதி நீண்டுவிட்டது. நாக்கு நுனி வரைக்கும் வந்த அந்த வார்த்தையைச் சொல்லித் திருத்தத் தனக்கு இனி உரிமை இல்லை என்று தெரிந்தது.

“செரி சாமி” என்றாள். “போ.”